காட்டாத ரத்தம்: வாசகர் கேள்வி பதில்

'தி டெக்சாஸ் செயின் சா மாசக்கர்' என்ற 1974-ஆம் வருட அமெரிக்கத் திகில் படத்தை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன்னுடைய தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்திருப்பதைப் பற்றிச் சென்ற இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்குக் கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிப் பேர் கோபமாக எழுதியிருக்கிறார்கள், மீதிப் பேர் இன்னும் சொல்லுங்கள் என்கிறார்கள். இந்த முறை வேறு கேள்விகள் கிடையாது, முழுக்க இந்தப் படம்தான். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போடுகிறேன்.

திருநெல்வேலி வாசகர்: மரம் அறுக்கும் மிஷினை வைத்து ஆளை அறுக்கிற படத்தை ஒரு நாட்டின் நூலகமே பாதுகாத்து வைக்கிறதா? அப்படி என்னதான் இருக்கிறது அதில்?

2024 டிசம்பரில் சேர்த்தார்கள். வருடத்துக்கு 25 படம் எடுத்துக்கொள்வார்கள். வெளிவந்து பத்து வருடமாவது ஆகியிருக்க வேண்டும், பண்பாடு, வரலாறு, கலை இதில் ஏதாவது ஒரு வகையில் முக்கியமான படமாக இருக்க வேண்டும், இதுதான் விதி. நல்ல கருத்து சொல்ல வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. இது தாமதமாக வந்த மரியாதை என்பேன், ஏனென்றால் 1975-லேயே பிரான்சின் கான் திரைப்பட விழாவில் இயக்குநர்கள் பிரிவில் இதைத் திரையிட்டாயிற்று, நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகமும் தன் நிரந்தரத் தொகுப்பில் ஒரு பிரதி வைத்திருக்கிறது.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெக்சாஸில் ஒரு இடுகாட்டில் யாரோ கல்லறைகளைத் தோண்டிப் பிணங்களை எடுக்கிறார்கள் என்று ரேடியோவில் செய்தி வருகிறது. தாத்தாவின் கல்லறைக்கு ஏதும் ஆகியிருக்குமோ என்று பார்க்க சாலி என்ற பெண்ணும், வீல்சேரில் இருக்கும் அவள் அண்ணன் ஃப்ராங்ளினும், மூன்று நண்பர்களும் ஒரு வேனில் கிளம்புகிறார்கள். வழியில் லிஃப்ட் கேட்டு ஏறுகிறவன் கொஞ்சம் கொஞ்சமாக எல்லோரையும் கலங்கடிக்கிறான். அப்புறம் பெட்ரோல் தீர்ந்து, பழைய வீட்டைத் தேடிப் போய், பக்கத்து வீட்டில் பெட்ரோல் கேட்கலாம் என்று ஒருவர் பின் ஒருவராக உள்ளே போகிறார்கள். அந்த வீட்டில் இருப்பது கசாப்புக்கூடத்தில் வேலை போன ஒரு குடும்பம். மனிதத் தோலில் முகமூடி போட்டுக்கொண்டு செயின் சா பிடிக்கிற லெதர்ஃபேஸ் அந்த வீட்டுப் பிள்ளை. மொத்தம் 83 நிமிடம். பேய், பிசாசு, மந்திரம் எதுவும் கிடையாது.

கோயம்புத்தூர் வாசகி: ரத்தம் ஆறாக ஓடும் படம் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். அதைக் கலை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

கேள்விப்பட்டது தப்பு. இந்தப் படத்தைப் பற்றி ஐம்பது வருடமாகப் பேசுகிறவர்களில் பலர் சொல்கிற தப்பும் இதுதான், பார்த்தவர்கள்கூட அப்படித்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். உண்மையில் திரையில் ரத்தம் மிகக் குறைவு. இயக்குநர் டோபி ஹூப்பர், பெற்றோர் துணையோடு சிறுவர்களும் பார்க்கலாம் என்கிற 'பிஜி' சான்றிதழ் கிடைக்கும் என்று நம்பி வேண்டுமென்றே ரத்தத்தைக் குறைத்து எடுத்தார். கிடைத்தது, பெரியவர் துணையில்லாமல் சிறுவர்களை உள்ளே விடாத 'ஆர்'. தலைப்பைப் பார்த்தால் செயின் சாவால் ஊரையே அறுத்துத் தள்ளியிருப்பார்கள் என்று தோன்றும், படத்தில் அந்த மிஷினால் சாகிறவர் ஃப்ராங்ளின் ஒருவர்தான், அதுவும் இருட்டில்.

கொக்கிக் காட்சியைச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் 'கொக்கி முதுகில் இறங்குவதைப் பார்த்தேன்' என்று சத்தியம் பண்ணுவார்கள். நண்பர்களில் ஒருத்தியான பாம் என்ற பெண்ணை லெதர்ஃபேஸ் அப்படியே தூக்கிக்கொண்டு போகிறான். சுவரில் இறைச்சி மாட்டும் கொக்கி இருப்பதை முன்பே காட்டிவிடுகிறார்கள். அவளைத் தூக்கி அதன் மேல் விடுகிறான். நாம் பார்ப்பது அவள் முகம், பிடிமானம் தேடி மேலே போகிற கைகள், காலடியில் வைத்திருக்கும் தகரத் தொட்டி, இவ்வளவுதான். கொக்கி உடம்பைத் தொடுகிற ஷாட் படத்திலேயே இல்லை. அந்தத் தொட்டி எதற்கு என்று நம் மனசு தானாகக் கணக்குப் போட்டுவிடுகிறது, வயிறு கலங்குவது அதனால்தான்.

முதல் கொலையும் அப்படித்தான். கர்க் என்ற பையன் வீட்டுக்குள் நுழைந்து வாசல்படியில் தடுக்குகிறான். எதிரே அந்த உருவம் வந்து நிற்கிறது. மாட்டை அடிக்கிற சம்மட்டியால் ஒரே அடி. கீழே விழுந்து உடம்பு உதறுகிறது, உள்ளே இழுத்துப் போட்டு இரும்புக் கதவை அறைந்து சாத்துகிறான். சில விநாடிகளில் முடிந்துவிடும். எச்சரிக்கிற இசை கிடையாது, நெருங்கி வரும் நிழல் கிடையாது. திகில் படங்களில் நமக்குப் பழகிப்போன முன்னறிவிப்பு எதுவுமே இல்லாமல் ஒரு உயிர் போகிறது. கதவு சாத்துகிற அந்தச் சத்தத்துக்கு அப்புறம் படம் முடிகிற வரை நிம்மதியாக உட்கார முடியாது.

சத்தம் என்றதும் இன்னொன்று. பின்னணி இசையில் மெட்டு என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. ஹூப்பரும் வேய்ன் பெல்லும் சேர்ந்து தாளத் தட்டுகளையும் கையில் கிடைத்த சாமான்களையும் தட்டி, உரசி, இழுத்து எழுப்பிய சத்தங்கள்தான் பின்னணி முழுக்க. தொடக்கத்தில் கறுப்புத் திரை, நடுநடுவே கேமரா ஃப்ளாஷ் வெடித்து அழுகிய பிணத்தின் விரல், பல் என்று கணநேரம் தெரியும், கூடவே இரும்பு கீச்சிடுகிற மாதிரி ஒரு ஒலி. அந்த ஒலியை ஒரு முறை கேட்டவர் மறக்க மாட்டார்.

மதுரை வாசகர்: இது உண்மைச் சம்பவம் என்று படத்திலேயே போடுகிறார்களே. அந்தக் குடும்பத்துக்கு என்ன தண்டனை கிடைத்தது?

அப்படி ஒரு குடும்பமே இல்லை. 1973 ஆகஸ்ட் 18-ஆம் தேதி நடந்ததாகத் தொடக்கத்தில் எழுத்து ஓடும், ஆனால் அந்த வருடம் ஜூலை நடுவில் ஆரம்பித்து ஆகஸ்ட் நடுவில்தான் படப்பிடிப்பையே முடித்தார்கள். படம் எடுத்து முடித்த தேதிக்கும் அப்புறம் 'சம்பவத்தை' வைத்தார்கள்.

கொஞ்சம் உண்மை இருப்பது எட் கீன் என்பவரில். விஸ்கான்சின் மாநிலம் பிளெய்ன்ஃபீல்டைச் சேர்ந்தவர். 1957-ல் போலீஸ் அவர் வீட்டுக்குள் போனபோது கல்லறைகளில் தோண்டியெடுத்த உடல்களின் தோலிலும் எலும்பிலும் செய்த சாமான்கள் கிடைத்தன. இரண்டு பெண்களைக் கொன்றவர். ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வுக்கு மூலமான நாவலுக்கும் இவர் கதைதான் விதை. ஆனால் கீன் டெக்சாஸ்காரர் இல்லை, செயின் சா பிடித்தவர் இல்லை, குடும்பமாகச் சேர்ந்து கொலை செய்தவரும் இல்லை. தோல் முகமூடியும் எலும்புச் சாமானும் மட்டும் அங்கிருந்து வந்தவை. செயின் சா வந்தது ஹூப்பரின் சொந்த அனுபவத்திலிருந்து. 1972 கிறிஸ்துமஸ் சமயம், ஒரு கடையின் இரும்புச் சாமான் பகுதியில் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு எப்படி வெளியே போவது என்று தவித்தபோது அங்கே அடுக்கியிருந்த செயின் சாக்களில் பார்வை விழுந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

'உண்மைக் கதை' என்று போட்டது வியாபாரத் தந்திரம் மட்டும்தானா? அதில் சந்தேகமில்லை, டிக்கெட் விற்றது அந்த வரிதான். ஆனால் ஹூப்பர் வேறொரு காரணமும் சொன்னார். அதிபர் நிக்சனின் வாட்டர்கேட் ஊழல், வியட்நாம் போர், பெட்ரோல் தட்டுப்பாடு என்று அமெரிக்க அரசாங்கமே மக்களிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்த காலம், அந்தப் பொய்களுக்குப் பதிலாகத்தான் இதை வைத்தேன் என்றார். படத்தில் பெட்ரோல் பங்கில் 'டேங்க் காலி' என்று சொல்லி அனுப்புகிற காட்சி 1973 கோடையில் எடுத்தது. அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. படம் திரைக்கு வந்தபோது பார்க்க வந்த ஜனம் எல்லாம் பங்க் வாசலில் வரிசையில் நின்று களைத்தவர்கள். அந்தக் காட்சி அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நாகர்கோவில் வாசகர்: இவ்வளவு கோரமான தலைப்பை வைத்த புண்ணியவான் யார்?

வாரன் ஸ்காரன். டெக்சாஸ் மாநில அரசின் திரைப்பட ஆணையத்துக்கு அப்போது அவர்தான் தலைவர். அதற்கு முன் 'ஹெட் சீஸ்', 'லெதர்ஃபேஸ்' என்றெல்லாம் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். பார்க்காமலே படத்தை வெறுக்கவும், பார்க்காமலே டிக்கெட் வாங்கவும் வைத்த தலைப்பு அது.

சென்னை வாசகர்: சினிமாவில் உதவி இயக்குநராக இருக்கிறேன். கையில் காசே இல்லாமல் எப்படி இப்படி ஒரு படம் எடுத்தார்கள்? எங்களுக்குக் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

இந்தக் கேள்விக்குத்தான் நிறைய எழுத வேண்டியிருக்கிறது. பட்ஜெட் 80,000-லிருந்து 1,40,000 டாலர் வரை பல கணக்கு சொல்கிறார்கள், அந்தக் காலத்து ஹாலிவுட்டுக்கே அது சில்லறைக் காசு. ஹூப்பருக்கு வயது 30. ஆஸ்டின் நகரத்து ஆட்கள், வெளியுலகில் யாருக்கும் முகம் தெரியாத நடிகர்கள். ரவுண்ட் ராக் பக்கம் ஒரு பண்ணை வீட்டைப் பிடித்தார்கள். 35 எம்எம் ஃபிலிமுக்குப் பணம் இல்லாததால் அதைவிடச் சிறிய, மலிவான 16 எம்எம்-இல் எடுத்துப் பிறகு பெரிதாக்கினார்கள், அதனால் வந்த மணல் மணலான பிம்பம்தான் யாரோ நடந்ததைப் படம்பிடித்தது போன்ற தோற்றத்தைக் கொடுத்தது. இதைத் தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள், இல்லாமையை மறைக்கப் பார்க்காமல் அதையே படத்தின் முகமாக்கிவிட்டார்கள்.

கலை இயக்குநர் ராபர்ட் பர்ன்ஸ் ஊர் ஊராகச் சுற்றிச் செத்த மாடுகளின் எலும்பைப் பொறுக்கி வந்து நாற்காலி, சோஃபா எல்லாம் செய்தார். கூண்டுக்குள் கோழி, தரையெல்லாம் இறகும் எலும்பும். அந்த வரவேற்பறையில் பாம் தடுக்கி விழுகிற காட்சியில் கேமரா சும்மா அந்தச் சாமான்களைச் சுற்றிப் பார்க்கிறது, அவ்வளவுதான், அந்தக் குடும்பத்தின் முழுக் கதையும் தெரிந்துவிடுகிறது. அதற்குச் சற்று முன்பு, வாசலில் இருக்கிற ஊஞ்சலிலிருந்து பாம் எழுந்து வீட்டை நோக்கி நடப்பாள். ஒளிப்பதிவாளர் டேனியல் பேர்ல் கேமராவைத் தரையோடு வைத்து ஊஞ்சலுக்கு அடியில் புகுந்து அவள் பின்னாலேயே தொடர்ந்து போவார். அவள் நடக்க நடக்க அந்த வீடு வளர்ந்துகொண்டே வந்து கடைசியில் வானத்தை முழுக்க மறைத்துவிடும். சின்ன பட்ஜெட்டில் தண்டவாளம் போட்டு அந்த ஒரு ஷாட்டுக்கு நேரம் செலவழித்த துணிச்சலை எத்தனை முறை பாராட்டினாலும் தகும்.

இனிமேல் சொல்லப்போவதைக் கற்றுக்கொள்ளாதீர்கள். நாலு வாரம், வாரத்துக்கு ஏழு நாள், சில நாட்கள் 16 மணி நேரம் வேலை. வெளியே வெயில் தினமும் 35-லிருந்து 38 டிகிரி, ஒரு நாள் 43. லெதர்ஃபேஸாக நடித்த கன்னர் ஹான்சனுக்கு ஒரே ஒரு உடை. துவைத்தால் நிறம் மாறிவிடும் என்று நாலு வாரமும் துவைக்கவே இல்லை, சாப்பாட்டு நேரத்தில் யாரும் அவர் பக்கத்தில் உட்காரவில்லை. கொக்கிக் காட்சியில் பாமாக நடித்த டெரி மெக்மின் தொங்கியது கால்களுக்கு நடுவே கட்டிய கயிற்றில், அந்த வலியில்தான் அவர் கத்தினார்.

கடைசியில் வருகிற சாப்பாட்டு மேஜைக் காட்சி இருக்கிறதே, அந்தக் கொலைகாரக் குடும்பத்தின் தாத்தாவாக நடித்த இளம் நடிகர் ஜான் டூகனுக்கு முக மேக்கப் போடவே பல மணி நேரம் ஆனது. மறுபடி ஒருநாள் அந்த மேக்கப்பில் உட்கார மாட்டேன் என்று அவர் சொல்லிவிட, ஒரே மூச்சில் முடித்துவிடுவோம் என்று தொடர்ந்து 26 மணி நேரத்துக்கு மேல் எடுத்தார்கள். கதைப்படி இரவு, எடுத்தது பகலும் சேர்த்து, அதனால் ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் அடைத்துவிட்டார்கள். காற்று இல்லை, மேலே விளக்குச் சூடு, மேஜையில் இருந்த இறைச்சி அழுகி நாறியது. ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் வெளியே ஓடிப்போய் வாந்தியெடுத்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார்கள். லிஃப்ட் கேட்கிறவனாக நடித்த எட்வின் நீல் வியட்நாம் போய் வந்தவர், அங்கேகூட இப்படி அனுபவிக்கவில்லை என்றார். அந்தக் காட்சியில் சாலியின் விரலைக் கீறித் தாத்தாவுக்கு ரத்தம் கொடுப்பார்கள். போலி ரத்தம் வருகிற குழாய் அடைத்துக்கொண்டே இருந்தது, டேக் மேல் டேக் போய்க்கொண்டிருந்தது, பொறுமையிழந்த ஹான்சன் கத்தியில் ஒட்டியிருந்த பாதுகாப்பு டேப்பை உரித்துவிட்டு நிஜமாகவே சாலியாக நடித்த மர்லின் பர்ன்ஸின் விரலைக் கீறினார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதே மர்லினைத் துடைப்பக்கட்டையால் அடிக்கிற காட்சியும் நிஜ அடிதான், கடைசி டேக் முடிந்து அவர் மயங்கியே விழுந்துவிட்டார்.

இதையெல்லாம் 'அர்ப்பணிப்பு' என்று கொண்டாடுகிற கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தம்பி, அந்த ஊஞ்சல் ஷாட்டுக்கு யாரும் ரத்தம் சிந்தவில்லை. இரும்புக் கதவுக் காட்சிக்கு யாரும் வாந்தியெடுக்கவில்லை. படத்தில் மிகச் சிறந்தது எல்லாம் யோசித்து, திட்டம் போட்டு எடுத்தது. விரலை வெட்டாமல் இருந்திருந்தால் படத்தில் ஒரு துளியும் குறைந்திருக்காது. நாளைக்கு நீங்கள் படம் எடுக்கும்போது நடிகையின் சம்மதம் இல்லாமல் ஒரு கீறல்கூட விழக் கூடாது.

ஈரோடு வாசகர்: இவ்வளவு கஷ்டப்பட்டார்களே, படம் நன்றாக ஓடியதா? காசு பார்த்தார்களா?

அமெரிக்காவில் மட்டும் 3 கோடி டாலருக்கு மேல் வசூல். நடித்தவர்கள் கையில் வந்தது சொற்பம். சம்பளத்துக்குப் பதிலாகப் பங்கு தருகிறோம் என்று சொல்லி எடுத்தார்கள், ஆனால் அந்தப் பங்கு படத்தின் பாதியில்தான், மீதிப் பாதி பணம் போட்டவர்களுடையது என்று பிறகுதான் பலருக்குப் புரிந்தது. படத்தை வாங்கி வெளியிட்டது பிரையன்ஸ்டன் என்கிற கம்பெனி. அதை நடத்திய லூயிஸ் பெரைனோவின் குடும்பம் மாஃபியா தொடர்புள்ளது, ஆபாசப் படத்தில் கொழுத்த பணம் பார்த்தவர்கள். 2,25,000 டாலர் முன்பணமும் லாபத்தில் 35 சதவீதமும் என்று பேச்சு. முன்பணம் வந்தது, லாபம் என்று ஒழுங்காக எதுவும் வரவில்லை. வழக்குப் போட்டார்கள், கம்பெனியே மூழ்கிப்போனது. 1981-ல் நியூ லைன் என்ற வேறொரு கம்பெனி மறுபடி வெளியிட்டது.

உழைத்தவன் வயிறு காய, வாங்கி விற்றவன் கொழுக்கிற கதை எந்த ஊர் சினிமாவிலும் உண்டு என்று விட்டுவிட எனக்கு மனசில்லை. மர்லின் பர்ன்ஸ் 2014-லும் ஹான்சன் 2015-லும் ஹூப்பர் 2017-லும் போய்விட்டார்கள். அந்த முகமூடியை பொம்மையாகவும் பனியனாகவும் இன்றைக்கும் விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

யாழ்ப்பாணம் வாசகர்: பிரிட்டனில் இருபது வருடத்துக்கு மேல் தடை என்று என் மாமா சொல்வார். ரத்தமே குறைவு என்கிறீர்கள், பிறகு ஏன் தடை?

மாமா சொன்னது சரி. 1975-ல் பிரிட்டிஷ் சென்சார் சான்றிதழ் மறுத்தது. லண்டன் மாநகர சபை தன் அதிகாரத்தைப் பயன்படுத்தி லண்டனில் மட்டும் பெரியவர்களுக்கு என்று அனுமதித்தது. அடுத்து சென்சாருக்குப் பொறுப்பேற்ற ஜேம்ஸ் ஃபெர்மன் 1977-ல் மறுபடி மறுத்தார். அவர் காலத்தில் வெட்டிப் பார்ப்போம் என்று உட்கார்ந்திருக்கிறார்கள். எதை வெட்டுவது? கொக்கி இறங்குகிற ஷாட் இருந்தால் வெட்டலாம், அது இல்லை. ரத்தம் பீறிடுகிற ஷாட் இருந்தால் வெட்டலாம், அதுவும் இல்லை. எங்கே கத்தரித்தாலும் பயம் அப்படியே இருந்தது, ஏனென்றால் பயம் மொத்தப் படத்திலும் கலந்திருந்தது. கடைசியில் வெட்டிப் பயனில்லை என்று கைவிட்டுவிட்டார்கள்.

நடுவில் வீடியோ கேசட்டாக வந்து கொஞ்ச காலம் வீடுகளில் ஓடியது. 1984-ல் கேசட்டுக்கும் சான்றிதழ் கட்டாயம் என்று சட்டம் வந்ததும் அதுவும் போயிற்று. ஃபெர்மன் ஓய்வு பெற்ற பிறகு, 1999-ல், ஒரு ஃப்ரேம்கூட வெட்டாமல் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று அனுமதித்தார்கள். படம் அதே படம்தான், கால் நூற்றாண்டு ஓடிவிட்டது.

தடைதான் இந்தப் படத்துக்குப் புகழ் தந்தது என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. அந்தக் காலத்தில் தடை வாங்கிய எத்தனையோ படங்களின் பெயர் இன்றைக்கு யாருக்கும் தெரியாது.

தஞ்சாவூர் வாசகி: நான் சைவம். இந்தப் படம் மாமிசம் சாப்பிடுவதற்கு எதிரான படம் என்று ஒரு தோழி சொல்கிறாள், அப்படியா?

தோழி நன்றாகப் பார்த்திருக்கிறார். படத்தை எடுக்கும்போது தானும் மாமிசத்தை விட்டதாக ஹூப்பர் சொன்னதுண்டு. படம் முழுக்க மனிதர்களுக்கு நடப்பது மாட்டுக்கு நடப்பதுதான்: சம்மட்டி, கொக்கி, ஃப்ரீசர், அறுப்பு. வேனில் போகும்போதே மாட்டுக் கொட்டடியின் நாற்றம் வருகிறது, ஃப்ராங்ளின் மாடுகளை எப்படி அடிப்பார்கள் என்று விவரமாகச் சொல்ல ஆரம்பிக்கிறான், ஒரு பெண் பேச்சை நிறுத்தச் சொல்கிறாள்.

ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேலை. கசாப்புக்கூடத்தில் சம்மட்டிக்குப் பதிலாகக் காற்றுத் துப்பாக்கி வந்துவிட்டது, அதனால் ஆட்களுக்கு வேலை போயிற்று, பழைய முறைதான் நல்லது என்று அந்த லிஃப்ட் கேட்டவன் சொல்வான். தாத்தாதான் அந்த ஊரிலேயே சிறந்த கொலைத்தொழிலாளி என்று குடும்பமே பெருமைப்படும். மிஷின் வந்து தூக்கியெறிந்த ஒரு குடும்பம் தனக்குத் தெரிந்த ஒரே தொழிலை விடாமல் செய்துகொண்டிருக்கிறது, மாடு மட்டும் மாறிவிட்டது. ராபின் வுட் என்ற விமர்சகர் 1970-களின் கடைசியிலேயே இதை எடுத்துக்காட்டி, முதலாளித்துவம் மனிதனை மனிதன் தின்ன வைப்பதைத்தான் படம் காட்டுகிறது என்று எழுதினார். அவர் எழுதிய பிறகுதான் பல்கலைக்கழகங்கள் இந்தப் படத்தைத் திரும்பிப் பார்த்தன.

புதுச்சேரி வாசகி: எல்லாம் சரி, ஒரு பெண்ணைக் கட்டிப்போட்டு அரை மணி நேரம் அலற வைப்பதை ரசிப்பது வக்கிரம் இல்லையா?

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 1976-லேயே 'ஹார்ப்பர்ஸ்' இதழில் ஸ்டீபன் காக் இந்தப் படத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார், வெளிவந்த காலத்தில் திட்டியவர்கள் நிறையப் பேர். கணக்குப் பார்த்தால் ஆண்கள் சட்டென்று சாகிறார்கள், பெண்களின் வேதனை நீள்கிறது. இந்தப் படத்துக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் இதை மழுப்பக் கூடாது. வீல்சேரில் இருக்கிற ஃப்ராங்ளினை எல்லோருக்கும் எரிச்சலூட்டுகிறவனாக எழுதியிருப்பதும், பேச்சு வராத லெதர்ஃபேஸைக் காட்டுகிற விதமும் எனக்கு உறுத்துகிறது.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். திகில் படங்களைப் பற்றி எழுதிய பேராசிரியை கேரல் க்ளோவர், கடைசி வரை தாக்குப்பிடித்து உயிரோடு நிற்கிற பெண் என்கிற பாத்திரத்தை விளக்க எடுத்துக்கொண்ட முக்கியமான உதாரணங்களில் ஒருவர் சாலி. அந்தச் சாப்பாட்டு மேஜையில் கேமரா மர்லின் பர்ன்ஸின் கண்ணுக்கு மிக மிக அருகே போகும், வெள்ளை விழியில் ஓடுகிற சிவப்பு நரம்பு வரை தெரியும். சுற்றி உட்கார்ந்து சிரிக்கிற ஆண்களை நாம் அவள் பக்கத்திலிருந்துதான் பார்க்கிறோம். அந்தச் சிரிப்பில் நாம் சேரவே முடியாது. அவள் ஜன்னலை உடைத்துக்கொண்டு ஓடுகிறாள், ஒரு பிக்கப் வண்டியின் பின்னால் ஏறித் தப்பிக்கிறாள், அப்போது அவளிடமிருந்து வருவது அழுகையா சிரிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பார்த்து ரசிக்கிற வக்கிரம் வேறு எத்தனையோ படங்களில் இருக்கிறது, இதற்குப் பின்னால் வந்த நகல்களில் நிறையவே இருக்கிறது. இந்தப் படத்தில் நான் அதைப் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்துவிட்டு வக்கிரம்தான் என்று சொன்னால் அதற்கும் உங்களுக்கு உரிமை உண்டு.

சேலம் வாசகர்: இதற்கு எத்தனை பாகம் வந்தது? எதைப் பார்க்கலாம்?

நிறைய வந்தன. 1986-ல் ஹூப்பரே எடுத்த இரண்டாம் பாகம் பாதி காமெடி. 2003-ல் வந்த ரீமேக்குக்கு அதே டேனியல் பேர்ல்தான் ஒளிப்பதிவு, படம் பளபளவென்று இருக்கும், முதல் படத்தின் புழுக்கம் அதில் இல்லை. 2022-ல் நெட்ஃப்ளிக்ஸில் வந்ததில் ரத்தம் தாராளம். முதல் படம் ஒன்று போதும்.

காரைக்குடி வாசகர்: அந்த வீடு இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது, இடம் மாறிவிட்டது. 1998-ல் பிரித்தெடுத்து டெக்சாஸிலேயே கிங்ஸ்லாண்ட் என்ற ஊருக்குக் கொண்டுபோய் மறுபடி நிறுத்தி உணவகமாக்கிவிட்டார்கள்.

திருச்சி வாசகி: பிளஸ் டூ படிக்கும் என் மகன் இந்தப் படத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். காட்டலாமா? எனக்கும் பார்க்க ஆசை, பயமாகவும் இருக்கிறது.

மகனுக்கு இப்போது வேண்டாம். பதினெட்டு என்று போட்டிருப்பது இந்தப் படத்தைப் பொறுத்தவரை சரியான முடிவு. ரத்தம் குறைவு என்று மேலே எழுதியதைக் காட்டி உங்களிடம் வாதாடுவான், விட்டுக்கொடுக்காதீர்கள், ஏனென்றால் இதில் தொந்தரவு செய்வது ரத்தம் இல்லை.

நீங்கள் பாருங்கள். 2014-ல் நாற்பதாம் வருடத்துக்காகப் புதுப்பித்த பிரதி நன்றாக இருக்கிறது. பகலில் பாருங்கள், கூட யாராவது இருக்கட்டும், சாப்பிட்டுக்கொண்டே பார்க்காதீர்கள். முதல் அரை மணி நேரம் பெரிதாக ஒன்றும் நடக்காது, சலித்துப்போய் ஃபோனை எடுத்துவிடாதீர்கள், அந்த வெயிலும் அலுப்பும் மனசில் ஏறினால்தான் பின்னால் வருவது வேலை செய்யும். மேஜைக் காட்சியில் தாங்க முடியவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். பிடிக்காமல் போனாலும் எழுதுங்கள், அந்தக் கடிதத்தையும் அடுத்த இதழில் போடுகிறேன்.